மறுதேய்ப்பு

சுவரை அறுத்துக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்கள்.

நாற்பத்தியோரு துண்டு. ஒவ்வொன்றும் ஒரு கதவு அகலம். நீதிமன்றத்துக்கு அடியில், ஆஸ்பத்திரி மாதிரிக் குளிரவைத்த ஒரு கூடத்தில், ஒவ்வொரு துண்டையும் இரும்புச் சட்டத்துக்குள் நிறுத்தி, கீழே ரப்பர் கட்டை கொடுத்து, மேலே பஞ்சுத்துணி போர்த்தி வைத்திருந்தார்கள். சோணைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தாறு வருஷமாகப் பூச்சு வேலை பார்க்கிறான். பூசின மறுநாளே ஆணி அடிக்கிறவனைப் பார்த்திருக்கிறான், வெற்றிலை எச்சில் துப்புகிறவனைப் பார்த்திருக்கிறான். சுவருக்குப் போர்வை போர்த்துகிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறான்.

"என்ன அண்ணை, சிரிக்கிறியள்?" என்றாள் வக்கீல் சுகிர்தா.

"ஒண்ணுமில்லம்மா. நான் பொறந்தப்ப எனக்குக் கூட இப்படி ஒரு துணி போத்தியிருக்க மாட்டாக. சொவருக்கு வந்த வாழ்வப் பாருங்க."

அவளும் சிரித்தாள். ஐம்பதை ஒட்டிய வயது. யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஏழு வயதில் ஊரை விட்டு, எங்கெங்கோ படித்து, இருபத்திரண்டு வருஷமாகப் போர்க்குற்ற வழக்கு மட்டுமே நடத்துகிறவள். காதில் செருகினால் தமிழில் பேசும் மெஷின் அந்தக் கட்டடத்தில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். சோணைமுத்து அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்த மெஷின் பேசும் தமிழ், ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருந்தது. சுகிர்தா பேசினால் மனுஷி பேசுகிற மாதிரி இருந்தது.

"தொடக்கத்திலை இருந்து ஒருக்காச் சொல்லுறன் அண்ணை. சீமெந்து ஈரமாய் இருந்து இறுகிற அந்த மூண்டு நாலு மணித்தியாலம், பக்கத்திலை என்ன சத்தம் வந்தாலும் அதின்ரை அதிர்வு மேல்தோலிலை பதிஞ்சிடும். பழைய இசைத்தட்டு மாதிரி. முந்தி இதை வாசிக்க ஏலாது. இப்ப ஊசி வந்திட்டுது."

"கோழி மிதிச்ச மாதிரிங்கீக."

"என்ன?"

"தளம் போட்டு ஈரமா இருக்கயில கோழி குறுக்க நடந்துச்சுன்னா, கால்தடம் விழுந்துரும்ல. காஞ்சு போச்சுன்னா நூறு வருஷத்துக்கு அந்தத் தடம் நிக்கும். கோழியக் கொழம்பு வச்சுத் தின்னுட்டாலும் தடம் நிக்கும்."

"ஓம். அதேதான்," என்றாள். அதை அப்படியே தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அந்தக் கணக்கில் அவன் இன்னும் ஒரு வரி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

*

பதினாலு வருஷத்துக்கு முந்தி, வெல்தாரா என்ற அந்த மலைநாட்டுக்குக் கட்டட வேலைக்குப் போனவன் சோணைமுத்து. சிவகங்கைப் பக்கத்திலிருந்து பதினாறு பேர் போனார்கள். பதினேழாம் கிடங்கு என்றுதான் அந்தக் கட்டடத்துக்குப் பெயர். தானியம் வைக்கிற கிடங்கு என்று போர்மேன் சொன்னான். தானியத்துக்கு எதற்கு இத்தனை சின்னச் சின்ன அறை, ஒவ்வொன்றுக்கும் எதற்கு வெளிப்பக்கத் தாழ்ப்பாள் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு பாதியில் ஆட்களை அடைத்திருந்தார்கள், மறுபாதி கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆள் கூடக்கூட அறையும் கூடியது.

சண்டை ஓய்ந்தபோது அங்கிருந்த காகிதம் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டுத்தான் போனார்கள். அடைபட்டிருந்த எழுநூறு சொச்சம் பேரில் ஒருத்தரும் வெளியே வரவில்லை. அந்தப் பகுதிக்கு அதிகாரியாக இருந்த கர்னல் ஓர்தன் இப்போது இந்த நீதிமன்றத்தின் காவலில் இருக்கிறான். அவன் சொல்வது ஒரே வார்த்தை: நான் அந்தக் கிடங்குக்குள் கால் வைத்ததே இல்லை.

சுவர் மட்டும் மிச்சம். சுவரில் குரல் இருக்கும். ஆனால் எந்தத் துண்டு எந்த நாளில் பூசியது என்று தெரிந்தால்தான் அந்தக் குரலுக்கு மதிப்பு. அதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம் என்று தேடிப்பிடித்து அழைத்து வந்திருந்தார்கள். பதினாறு பேரில் பூச்சு வேலைக்காரன் அவன் ஒருத்தன்தான்.

"இது என் கை," என்றான் சோணைமுத்து, பதினெட்டாம் துண்டின் துணியை விலக்கி.

"எப்பிடிச் சொல்லுறியள்?"

"நான் எடக்கைக்காரன்மா. மணியாசுக்கட்டைய வச்சுச் சொவரத் தேய்க்கயில எல்லாரும் இந்தப் பக்கமா வட்டம் போடுவாக. நான் அந்தப் பக்கமாப் போடுவேன். சாய்ச்சு வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. தெரியும்."

விளக்கைச் சாய்த்துப் பிடித்தார்கள். தெரிந்தது. மீன் செதில் மாதிரி வட்டம் வட்டமாக, எல்லாம் இடப்பக்கம் திரும்பி.

அவன் ஒவ்வொரு துண்டாகப் போனான். ஒருநாள் பூச்சு நின்று மறுநாள் பூச்சு தொடங்கும் இடத்தில் மெல்லிசாக ஒரு தழும்பு இருக்கும். விரலால் தடவியே அதைச் சொன்னான். இருபத்திரண்டாம் துண்டில் வந்ததும் நின்றான்.

"இது வரைக்கும் செவ்வாக்கெழம. இங்கேருந்து புதன்கெழம."

"கிழமை எப்பிடி ஞாபகம்?"

"செவ்வாக்கெழம ராத்திரி ஆத்து மணல் தீந்து போச்சு. புதன்கெழம காலைல செகப்பு மணல் வந்து எறங்குச்சு. உடச்சுப் பாருங்க, உள்ள செவந்து இருக்கும்." கொஞ்சம் நிறுத்தினான். "அன்னைக்குத்தேன் அந்தப் பையன் வந்தது."

சுகிர்தா நோட்டை மூடிவிட்டு ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். அவனையும் உட்காரச் சொன்னாள்.

*

அந்தப் புதன்கிழமை காலைப் பதினோரு மணி இருக்கும். நடையின் இருபத்துமூன்றாம் துண்டு இருந்த இடத்தில் அவன் வெள்ளைப் பூச்சை முடித்துவிட்டுக் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தான். உள்பக்கக் கதவு எப்படித் திறந்ததோ, இருபது வயதுப் பையன் ஒருத்தன் வெறுங்காலோடு ஓடிவந்தான். மூச்சு இல்லை. தள்ளாடி, ஈரச் சுவரில் முழு உள்ளங்கையையும் ஊன்றி நின்றான். சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்து மூன்று வார்த்தை சொன்னான். மெதுவாக, திருத்தமாக, இதை மறந்துவிடாதே என்கிற மாதிரி. பிறகு சிமெண்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கிவிட்டான்.

வெல்தாரா பாஷையில் சோணைமுத்துவுக்குத் தெரிந்தது ஏழெட்டு வார்த்தை. தண்ணீர், சோறு, முடிந்தது, சீக்கிரம். அவன் சொன்னது அதில் ஒன்றும் இல்லை.

இரண்டு சிப்பாய்களோடு அதிகாரி வந்தான். சுவரில் பதிந்திருந்த கைத்தடத்தைப் பார்த்தான். பிறகு சோணைமுத்துவைப் பார்த்தான்.

"நான் வாயத் தெறக்கலம்மா," என்றான் இப்போது. "சத்தியமா ஒரு வார்த்தை சொல்லல. ஆனா என் கண்ணு மூட்டைப் பக்கம் போயிருச்சு. போகக் கூடாதுன்னு நெனைக்கயிலயே போயிருச்சு."

சுகிர்தா மூடின நோட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இழுத்துட்டு வந்தாக. அதிகாரி ஒரு உத்தரவு போட்டாரு, ஒரே வரி. அவரு சொன்னதும் அந்தப் பையன் கத்துறத நிப்பாட்டிட்டான். உள்ள கொண்டு போனாக. பெறகு சத்தம் கேட்டுச்சு. துப்பாக்கிச் சத்தம் எனக்குத் தெரியாது, பலகை விழுந்துச்சுன்னுதேன் நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

"அந்த மூண்டு சொல்லும் ஞாபகம் இருக்கோ?"

"இருந்துச்சு, ரெண்டு மூணு நாளு. எழுதி வைக்க எழுத்துத் தெரியாது. அர்த்தம் தெரியாத சத்தத்த எம்புட்டு நாளைக்கு நெஞ்சுல வச்சுக்கிற முடியும்? சொல்லிச் சொல்லிப் பாக்கயிலயே மாறிப்போச்சு. ஊருக்கு வந்த பெறகுதான், நாப்பத்தஞ்சு வயசுல, பஸ் போர்டையும் கடைப் போர்டையும் பாத்து எழுத்துக் கூட்டப் படிச்சேன். என்ன பிரயோசனம், எழுத்து வந்தப்ப வார்த்தை போயிருச்சு."

அவன் அந்தத் துண்டைப் பார்த்தான். "அதேன் நீங்க கூப்பிட்டதும் வந்துட்டேன். இந்தச் சொவரு மறந்திருக்காதுல்ல?"

"தாவின் எண்டு பெயர் அந்தப் பெடியனுக்கு. நீங்கள் பொலிசிலை சொன்ன அடையாளத்தை வைச்சுத் தாய் கண்டுபிடிச்சவ," என்றாள் சுகிர்தா. "தாய் இஞ்சைதான் இருக்கிறா. மிரேலா. ஆறு வருசமாய் ஒவ்வொரு அமர்வுக்கும் வந்து மூண்டாம் வரிசையிலை இருக்கிறா. பதினாலு வருசத்துக்குப் பிறகு நீங்கள் முகத்தை அடையாளம் காட்டினாலும் அது மட்டும் காணாது, எனக்கு ஓர்தன்ரை குரல் வேணும், அந்த உத்தரவு வேணும். அவவுக்கு அந்த மூண்டு சொல் வேணும். ரெண்டும் இந்த ஒரு கதவு அகலத்துக்கை இருக்கு."

"இப்பவே கேட்டுப் பாத்துரலாம்ல?"

"ஏலாது. ஊசி வாசிக்கேக்கை தோல் உதிர்ந்திடும். ஒருக்காத்தான். அதாலை நீதிபதியளுக்கு முன்னாலை, எதிர்த்தரப்பும் இருக்கேக்கைதான் வாசிக்க வேணும். நாளைக்கு முதல்லை உங்கடை சாட்சியம், பிறகு சுவர்."

எழுந்துபோகும்போது சோணைமுத்து அந்தத் துண்டின் துணியை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டான்.

*

மறுநாள் சாட்சிக் கூண்டில் ஏறினபோது அவனுக்குக் கொடுத்த கோட்டு இரண்டு ஆள் அளவுக்கு இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர்தன் உட்கார்ந்திருந்தான். இப்போது கிழவன். காதில் ஒரு கேட்கும் கருவி, அதைத் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டிருந்தான். சோணைமுத்து அந்த முகத்தைத் தேடினான். பதினாலு வருஷத்துக்கு முந்தின முகம் அதற்குள் எங்கேயோ இருந்தது. மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா, கருப்புத் தலைத்துணியோடு. பார்த்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகு அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

சுகிர்தா கேட்டதற்கெல்லாம் நன்றாகவே சொன்னான். இடக்கை வட்டம், நாள் தழும்பு, சிவப்பு மணல். துண்டின் ஓரத்தை உடைத்துக் காட்டினார்கள், உள்ளே செங்கல் பொடி மாதிரிச் சிவந்திருந்தது. நீதிபதிகள் மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். நடுவில் இருந்த நீதிபதி அம்மாள் லேசாகத் தலையாட்டினாள். பிழைப்பில் முதல்முறையாகத் தன் வேலையைப் படித்தவர்கள் குனிந்து பார்க்கிறார்கள் என்று சோணைமுத்துவுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். வெள்ளைத் தாடி, மெல்லிய குரல். அதட்டுவார் என்று நினைத்திருந்தான். அவர் கோயில் குருக்கள் மாதிரிப் பேசினார். காதுக்குள் ஸ்டேஷன் தமிழ் ஒலித்தது.

"ஐயா, தாங்கள் ஒரு தேர்ந்த கைவினைஞர் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்."

"சரிங்க."

"தங்கள் பூச்சில் ஒரு குறை இருந்தால் தாங்கள் பொறுத்துக்கொள்வீர்களா?"

"அதெப்படிங்க பொறுக்க முடியும்? நாளைக்குப் பாக்கிறவன் யாரு பூசுனதுன்னுல்ல கேப்பான்."

"அந்த இளைஞரின் கை ஈரச் சுவரில் பதிந்தது என்றீர்கள். நான் இந்தத் துண்டை மூன்று நாள் பார்த்தேன். அதில் கையின் தடம் இல்லை. தாங்கள் அதை அப்படியே விட்டுவிட்டீர்களா?"

சோணைமுத்துவுக்குச் சுருக்கென்றது. தன்னைக் கையாலாகாத கொத்தனார் என்கிறானே இந்த ஆள் என்றுதான் முதலில் பட்டது.

"விடுவேனாங்க? அஞ்சு விரலும் பதிஞ்சு குழியாக் கெடக்கு. அதோட விட்டுட்டுப் போனா அவன் கொத்தனாரா? அவுக அந்தப் பக்கம் போனதும் சிமெண்டுப் பால் கரைச்சு விட்டு, ஒட்டுத் தெரியாம இருக்க அன்னைக்குப் பூசுன எடம் பூராவும் கட்டையப் போட்டு நல்லாத் தேய்ச்சு விட்டேன். கை இருந்த எடம் தெரியாது. நீங்க மூணு நாளு பாத்தும் தெரியலேல்ல?"

"தெரியவில்லை ஐயா," என்றார் அவர். "நன்றி." உட்கார்ந்துவிட்டார்.

சுகிர்தாவின் பேனா நோட்டின் மேல் நின்றிருந்தது. அவள் அவனைப் பார்க்கவில்லை, சுவர்த் துண்டைப் பார்த்தாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கோழி மிதித்தால் தடம் நிற்கும். ஆனால் ஈரத்தோடு கொத்தனார் பார்த்துவிட்டால் தேய்த்துவிடுவானே. அப்புறம் எங்கே தடம், எங்கே சத்தம்? எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த சங்கதி. சோறு தின்றேன் என்கிறவன் கை கழுவினேன் என்று சேர்த்தா சொல்கிறான்? எத்தனை தடவை அந்த நாளை அவன் திருப்பித் திருப்பிச் சொல்லியிருப்பான். பொண்டாட்டியிடம், போலீசிடம், சுகிர்தாவிடம், தனக்குத்தானே. அந்த ஒரு வேலையை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. கையே செய்த வேலை அது. மனசு அதை ஒரு வேலையாகவே எடுத்து வைக்கவில்லை.

"அம்மா," என்றான் கூண்டிலிருந்தே, கேள்வி கேட்காமலே. "தேய்ச்சது தப்புங்களா?"

காதுக்குள் ஸ்டேஷன் தமிழ் சொன்னது: "சாட்சி கேள்விகளுக்கு மட்டும் பதிலளிக்கவும்."

*

வாசித்தே தீர வேண்டும் என்று சுகிர்தா கேட்டாள். தேய்த்த பிறகும் ஏதாவது பேசியிருக்கலாம், அதிகாரி திரும்ப வந்திருக்கலாம் என்றாள். நீதிபதிகள் ஒப்புக்கொண்டார்கள். ஊசி சுவரைத் தொட்டது. வெள்ளைப் பொடி கோலமாவு மாதிரி உதிரத் தொடங்கியது.

முதலில் இரைச்சல். பிறகு, சர்ர்... சர்ர்... என்று வட்டமாக ஓர் உரசல். கூடத்தில் ஒருத்தருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. சோணைமுத்துவுக்குத் தெரிந்தது. அவன் கட்டை. தேய்த்து முடிக்கும் கடைசிச் சுற்று. எவ்வளவு அக்கறையாகத் தேய்த்திருக்கிறான், பாவி.

உரசல் நின்றது. ஒரு செருமல். பிறகு தமிழில், பக்கத்தில் நின்று பேசுகிற மாதிரி, பதினாலு வருஷம் இளசான அவனுடைய குரல்:

"சே. சொவரு கெட்டுப்போச்சே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தூரத்தில் போர்மேன் விசில். காற்று. எங்கேயோ ஒரு வாளி. மூன்று மணி நேரச் சத்தத்தையும் வேகமாக ஓட்டிக் கேட்டார்கள். வேறு மனுஷக் குரல் இல்லை.

"சாட்சி என்ன சொன்னார்?" என்று நடு நீதிபதி கேட்டாள்.

மொழிபெயர்ப்பு அறையில் இருந்தவர் கொஞ்சம் தாமதித்தார். அவர் சொன்னபோது அத்தனை பேர் காதிலும் அது அவரவர் பாஷையில் போய் விழுந்தது. மூன்றாம் வரிசை அம்மா காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆறு வருஷம் காத்திருந்த காதில், அவள் மகன் கையை ஊன்றின இடத்தில், அவன் போன கொஞ்ச நேரத்தில், ஓர் ஆள் தன் சுவர் கெட்டுப்போச்சே என்று சலித்துக்கொண்டது விழுந்தது.

ஓர்தன் தன் கருவியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான்.

*

வெளி நடையில் மிரேலா வந்து அவன் முன்னால் நின்றாள். திட்டுவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தான். அறைந்தால் தேவலை என்றுகூட நினைத்தான். அவள் சுகிர்தாவிடம் ஏதோ சொன்னாள்.

"அந்த மூண்டு சொல்லை நீங்கள் சொல்லிப் பார்க்கட்டாம். பிழையாய் இருந்தாலும் பரவாயில்லையாம்."

சோணைமுத்து வாயைத் திறந்தான். முதல் சத்தம் 'க' மாதிரி ஏதோ ஒன்று. இரண்டாவது நீளமாக வரும். மூன்றாவது சுத்தமாக இல்லை. சொன்னான். அவள் தலையை ஆட்டி, இன்னொரு தடவை என்று விரல் காட்டினாள். மாற்றிச் சொன்னான். எட்டுப் பத்துத் தடவை. அவளும் ஏதேதோ வார்த்தைகளைச் சொல்லி, இதுவா, இதுவா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். எல்லாமே அதுவாக இருக்கலாம் போல இருந்தது. ஒரு கட்டத்தில், ஆமாம் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. நாக்கு வரவில்லை.

கடைசியில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி, எவ்வளவு உயரத்தில் என்று கையால் கேட்டாள். அவன் காட்டினான், தன் தோளுக்கு ஒரு சாண் மேலே. அவள் அந்த இடத்தில், அந்த நீதிமன்றத்தின் வழவழப்பான சுவரில், தன் உள்ளங்கையை வைத்தாள். எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போய்விட்டாள்.

அந்தக் குற்றச்சாட்டு விழுந்துவிட்டது. அது விழுந்ததும் அதில் சாய்ந்து நின்ற மற்றதும் விழும் என்றாள் சுகிர்தா. விமானநிலையத்துக்கு அவனை அவளே காரில் கூட்டிப்போனாள்.

"என்னாலதேன்," என்றான்.

"நான் கேட்டிருக்க வேணும் அண்ணை. இருபத்திரண்டு வருசம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கிறன். தேய்ச்சியளோ எண்டு கேக்கத் தோன்றேல்லை."

"நீங்க என்ன கொத்தனாரா?"

அவள் சிரிக்க முயன்றாள். "இந்த ஊசி வந்த அண்டைக்கு எங்கடை ஊரை நினைச்சன். ஆராவது ஒரு சுவரைக் கொண்டுவரட்டும், நானே வாசிக்கிறன் எண்டு. எங்கடை பக்கத்திலை சுவர் ஒண்டும் மிஞ்சேல்லை அண்ணை. அதாலை மற்றவையின்ரை சுவரை வாசிக்கிறன்."

"இதுவரைக்கும் எத்தனை பேர உள்ள வச்சிருக்கீக?"

"மூண்டு பேர். அதிலை ஒருத்தன் தீர்ப்புக்கு முதல் மாதம் நித்திரையிலை செத்துப்போனான்."

இறங்கும்போது அவன் கோட்டைக் கழற்றி மடித்துப் பின்சீட்டில் வைத்தான். அவள் வேண்டாம், கொண்டுபோங்கோ என்றாள். வைத்துவிட்டான்.

*

ஒன்றரை வருஷம் வெளிநாட்டு வேலைக்கு எந்த ஏஜெண்டும் அவனை எடுக்கவில்லை. கோர்ட்டில் போய் நின்றவன் என்று பெயர் விழுந்துவிட்டது. உள்ளூரிலும் புதுசாக ஒரு பழக்கம் வந்திருந்தது. பூச்சு நடக்கிற இடத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. சித்தாள் பெண்கள் முன்பெல்லாம் மாமியாரை வைது கொண்டேதான் கலவை தூக்குவார்கள். இப்போது வீட்டுக்காரன் கேட்டுவிடுவான் என்று கண்ஜாடையில் வைதார்கள். சுவருக்கும் காது உண்டு என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தவர்கள், நிஜமாகவே காது என்றதும் கம்மென்று ஆகிவிட்டார்கள்.

அப்படி இருக்கையில் ஒருநாள் தேடிவந்து கூப்பிட்டார்கள். கடலோரத்தில் ஒரு பழைய கட்டடம். உயரமான காம்பவுண்டு. போர்டு கிடையாது. உள்ளே பாதியில் ஆள் நடமாட்டம் இருந்தது, பாதியைப் புதுசாகப் பூச வேண்டும்.

"நீங்கதான் வேணும்னு மேல சொல்லிட்டாங்கண்ணே," என்றான் இன்ஜினியர். சின்னப் பையன், நல்ல சிரிப்பு. "உங்க கேஸ் தீர்ப்பு நெட்ல இருக்கு. இந்த ஷரத்தே உங்களாலதான் வந்துச்சு. இப்ப ஒலகம் பூரா டெண்டர்ல போடுறான்."

காகிதத்தை நீட்டினான். சோணைமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தான். பதினாலாவது ஷரத்து. பூச்சு முடிந்த மூன்றாம் மணி நேரத்தில் சுவர் முழுவதும் சிமெண்டுப் பால் விட்டு மறுதேய்ப்புச் செய்யப்பட வேண்டும். மறுதேய்ப்புத் தொடங்கியது முதல் ஆறு மணி நேரம் தளத்தில் ஜெனரேட்டர் ஓட வேண்டும்.

இரண்டாம் தடவையும் படித்தான். தான் படித்த எழுத்து இதைப் படிக்கத்தானா என்றிருந்தது.

"இது என்ன கட்டடம் தம்பி?"

"அது நமக்கெதுக்குண்ணே."

போய்விடலாம் என்று நினைத்தான். போனால் இன்னொருத்தன் தேய்ப்பான் என்றும் நினைத்தான். அப்படி நினைத்தவன் கை அதற்குள் கரணையை எடுத்திருந்தது.

நடையில் பூசிக்கொண்டு வந்தான். கோடியில் ஒரு கதவு. தாழ்ப்பாள் வெளிப்பக்கம் மட்டும். மூன்று மணி நேரம் ஆகப் போகிற சமயத்தில், உள்ளே யாரோ இருமினார்கள்.

சோணைமுத்து சுற்றிலும் பார்த்தான். ஒருத்தரும் இல்லை. சிமெண்டுச் சாக்கின் தாளை ஒரு சாண் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தான். இந்தத் தடவை பாஷை தெரியும். எழுத்தும் தெரியும். கதவோடு வாயை வைத்தான்.

"யாருப்பா? பேரு என்ன? எந்த ஊரு?"

இருமல் நின்றது. மூச்சுக்கூட நின்ற மாதிரி இருந்தது.

"நான் கொத்தனாருப்பா. பயப்படாத. பேர மட்டும் சொல்லு, எழுதிக்கிறேன்."

வெளியில் நின்று பேர் கேட்கிறவர்களிடம் பேர் சொல்லி என்ன ஆனதோ அந்த ஆளுக்கு. தான் உள்ளே இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம் என்று அவனுக்கே பட்டது. பென்சிலைத் தாளில் ஊன்றியபடி நின்றான்.

"அண்ணே, மூணு மணி நேரம் ஆச்சு!" வாசலிலிருந்து இன்ஜினியர் கத்தினான். "போடச் சொல்லிட்டேன்! தேய்க்க ஆரம்பிங்க!"

ஜெனரேட்டர் ஒரு தடவை உறுமி அணைந்தது. மறுபடி பிடித்துக்கொண்டது. கட்டடமே அதிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவுக்குப் பின்னால் ஆள் நகர்ந்து வந்து ஏதோ சொன்ன மாதிரி இருந்தது. மெதுவாக, திருத்தமாக. மூன்று வார்த்தை இருக்கும்.

சோணைமுத்து காதைக் கதவில் அழுத்தினான். "என்ன? என்னப்பா?" என்றான். மறு காதைப் பொத்திக்கொண்டு அழுத்தினான். ஜெனரேட்டர்தான் கேட்டது.

கையில் இருந்த சாக்குத் தாளில், பென்சில் முனை குத்தின இடத்தில் ஒரு சின்னக் குழி விழுந்திருந்தது.